ஆறு மில்லிமீட்டர்

ரோலாவில், லிப்ட் நின்றுபோன கட்டடத்தில்
நான்காம் மாடி. ஆறு பேர், மூன்று இரட்டைக் கட்டில்.
கஸ்பாருக்குக் கீழ்த்தட்டு.
மேலே ஏற அவர் உடம்பு சம்மதிக்காது,
கட்டிலும் சம்மதிக்காது.

குறட்டை எங்களுக்குப் பழகிவிட்டது,
ஏசி இரைச்சல் போல,
கீழே ஷவர்மாக் கடைக்காரன் இழுத்து மூடும் ஷட்டர் போல.
பழகாதது
அது நிற்கும் இடம்.

நின்றதும் மேல்தட்டில் நெய்னா விழித்துக்கொள்வான்.
எண்ணுவான். இருட்டிலும் உதடு அசைவது தெரியும்.
பன்னிரண்டு, பதிமூன்று...
இருபத்தைந்தைத் தாண்டினால்
கட்டில் கம்பியில் ஓர் உதை.
தண்ணீருக்குள்ளிருந்து தலை தூக்கியவர் மாதிரி
ஓர் இழுப்பு.
பிறகு மறுபடியும் லாரி கிளம்பும்.

பகலில் அவர் ஓட்டுவதும் அதுதான்,
நாற்பதடி ட்ரெய்லர், ஜெபல் அலியிலிருந்து அல் ஐன்.
ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல், எமிரேட்ஸ் ரோடு:
கோட்டின்மேல் பதித்த குமிழ்கள்
டகடகவென்று எழுப்பிவிட்டனவாம்.
வந்து சிரித்துக்கொண்டே சொன்னார்.
கூடச் சிரிக்க ஆளில்லை.

விரலைக் கவ்வும் கருவியோடு ஒருநாள் படுத்தார்.
மணிக்கு இருபத்துமூன்று முறை
மூச்சு தடைபட்டதாகத் தாள் சொன்னது.
காற்று ஊதும் மெஷின் வைக்கலாம் என்றார்கள்.
ஆறு பேருக்கு இரண்டு பிளக் பாயிண்ட்.
ஒன்று ஃபிரிட்ஜுக்கு.
மற்றதில் ஐந்து போன்கள் வாலைப் பிடித்துத் தொங்கும்.
இரவல் முகமூடியை மாட்டிப் பார்த்தவர்
பத்தே நிமிடத்தில் பிய்த்தெறிந்தார்:
"ஏலே, கடலுக்குள்ள முங்குன மாதிரில்லா இருக்கு."

நான் பல் செய்கிறவன்.
இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஜன்னல் இல்லாத லேப்.
பதினோரு வருடமாக என் மேஜைக்கு வருபவை
முகங்கள் அல்ல, வாய்கள்.
பிளாஸ்டரில், நம்பர் ஒட்டி.
யாருடைய பல், என்ன கடித்தது, யாரைக் கடித்தது,
எதுவும் தெரியாமலே ராவி ராவி அனுப்புவேன்.

இந்த நம்பர் யாருடையது என்று எனக்குத் தெரியும்.
டாக்டர் ஹனான் அச்செடுத்து அனுப்பிய பெட்டியில்
கீழ்வரிசை நடுப்பல் சாய்ந்திருந்தது:
சோடா மூடி கடித்துத் திறக்கும் வாய்.
நாக்கு மட்டும் பிளாஸ்டரில் வருவதில்லை.
ஆள் அசந்ததும் பின்னால் சரிந்து
வாசலில் படுத்துக்கொள்வது அதுதான்.
குற்றவாளி இல்லாத அச்சை வைத்துத்தான்
கூண்டு செய்கிறோம்.

கீழ்த்தாடையை ஆறு மில்லிமீட்டர்
முன்னால் இழுத்து நிறுத்த வேண்டும்.
மூன்று திர்ஹம் காசுகளை அடுக்கிப் பாருங்கள்,
அவ்வளவுதான்.

செலவுக்குச் சுடலைமுத்து
தன் சீட்டுப் பணத்தைத் தள்ளிக்கொடுத்தான்,
முகத்தைச் சுளித்தபடி.

கண்ணாடி நிறத்தில் இரண்டு தட்டு,
பக்கத்துக்கொரு குட்டித் திருகாணி.
முதல் வாரம் தலையணை எச்சிலில் ஊறியது.
காலையில் மேல்பல்லைக் கீழ்ப்பல் அடையாளம் காணவில்லை.
குபூஸை டீயில் முக்கி முழுங்கிக்கொண்டே
என் வம்சத்தை விசாரித்தார்.

நாலில் தொடங்கி வாரத்துக்குக் கால் மில்லிமீட்டர்.
டாக்டர் எழுதிக் கொடுத்த கணக்குப்படி
வெள்ளி இரவுகளில் மூக்குக்கண்ணாடி மாட்டி
நான் திருகுவேன், அவர் முறைப்பார்.

எட்டாவது வாரம்
இரவு இரண்டு மணிக்கு அறை விழித்துக்கொண்டது.
சத்தமே இல்லை.
நெய்னா நாற்பதைத் தாண்டி, அறுபதைத் தாண்டி,
உதைக்கவும் பயந்து இறங்கி வந்தான்.
போன் வெளிச்சத்தில் ஐந்து பேர் குனிந்தோம்.
சுடலைதான் புறங்கையை மூக்கடியில் வைத்தான்.

சூடாக, சீராக
வந்துகொண்டிருந்தது.

தாடையைக் கொஞ்சம் முன்னே தள்ளி
யாரிடமோ நியாயம் கேட்கக் கிளம்பியவர் போல
தூங்கிக்கொண்டிருந்தார் கஸ்பார்.

படுத்துக்கொண்டோம்.
மேல்தட்டில் நெய்னா மட்டும் இன்னும் எண்ணுகிறான்.
எங்கே நிறுத்துவது என்று
அவனுக்குத் தெரியவில்லை.